விலையும் ஏறுது, விற்பனையும் ஏறுது, அப்போ தேவை விதி தப்பா?

கேள்வி:

வணக்கம் மேடம். நான் காலேஜ் முதல் வருஷம், எகனாமிக்ஸ். விலை ஏறினா டிமாண்ட் குறையும், விலை இறங்கினா டிமாண்ட் கூடும்னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். ஆனா மழை புடிச்சுக்கிச்சுன்னா குடை விலையும் ஏறுது, குடையும் முன்னவிட நெறைய விக்குது. அப்போ அந்த விதி என்னாச்சு? டெஸ்ட்ல "விலை ஏறினா டிமாண்ட் குறையும், டிமாண்ட் குறைஞ்சதால விலை இறங்கும், இறங்கினதால மறுபடி டிமாண்ட் ஏறும்"னு எழுதினேன், சார் சிவப்பு இங்க்ல அடிச்சு விட்டுட்டார், ஏன்னு கேக்க பயமா இருந்துச்சு. இன்னொண்ணு, மேத்ஸ்ல நாம மாத்திப் பாக்குறது எக்ஸ் அச்சுல வரும், இங்க மட்டும் விலை ஏன் ஒய் அச்சுல நிக்குது? எனக்கு இந்த சப்ஜெக்ட் வராதோன்னு இருக்கு.

பதில்:

தம்பி, கடைசி வரிக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், அது மனசுல உக்காந்திருந்தா மத்தது எதுவும் உள்ள போகாது. உங்களுக்கு இந்த சப்ஜெக்ட் வரும். புக்ல ஒண்ணு சொல்றாங்க, கண்ணு முன்னாடி வேற ஒண்ணு நடக்குது, ரெண்டும் ஏன் ஒத்துப்போகலன்னு நின்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அத கேக்காம மனப்பாடம் பண்ணிட்டுப் போற புள்ளைங்கள நினைச்சுத்தான் எனக்கு கவலையே. நீங்க வழுக்கின இதே இடத்துல ஒரு பெரிய யுனிவர்சிட்டி புரொபசரே வழுக்கியிருக்கார், அவர் கதைய கொஞ்சம் பின்னாடி சொல்றேன்.

உங்க குழப்பத்துல பாதி அந்த வார்த்தையிலயே இருக்கு. "டிமாண்ட்"ங்கிற வார்த்தைய நாம பேச்சுல எப்படி எல்லாம் பொழங்குறோம்னு யோசிச்சுப் பாருங்க. "அதுக்கு இப்ப செம டிமாண்ட்"னா நெறைய பேரு கேக்குறாங்கன்னு அர்த்தம். அதே வார்த்தைய "சரக்கு டிமாண்டா இருக்கு"ன்னு சொன்னா கிடைக்கலன்னு அர்த்தம், அது உண்மையில சப்ளை பத்தின பேச்சு. பெரியவங்க சொல்ற "கிராக்கி"யும் அப்படித்தான், கேக்குற ஆளு அதிகம்ங்கிறதும் விலை கூடிப்போச்சுங்கிறதும் அந்த ஒரே சொல்லுக்குள்ள கலந்து கெடக்கு. தமிழ் பாடப்புத்தகத்துல "தேவை"ன்னு போட்டிருக்காங்க, அதப் பாத்தா அவசியம்னு தோணும். இலங்கைத் தமிழ் புத்தகங்கள்ல இதையே "கேள்வி"ன்னும், சப்ளைய "நிரம்பல்"னும் எழுதுவாங்க. எனக்கு அந்த "கேள்வி"ங்கிற சொல் ரொம்பப் புடிக்கும், ஏன்னா இந்த விலைக்கு எத்தனை குடுப்பீங்கன்னு ஒருத்தர் கேக்குற சத்தம் அதுல இருக்கு. எகனாமிக்ஸ்ல டிமாண்ட்னா அந்தக் கேக்குறதுதான், கையில காசோட, ஒரு விலையச் சொல்லி கேக்குறது. ஒரு விலைக்கு எத்தனை, இன்னொரு விலைக்கு எத்தனைன்னு எல்லா விலைக்கும் சேத்து இருக்குற முழுப் பட்டியல்தான் டிமாண்ட். அந்தப் பட்டியல்ல ஒரு வரிய மட்டும் எடுத்தா, அதாவது இந்த விலைக்கு இத்தனைன்னு ஒரு நம்பர் மட்டும் எடுத்தா, அதுக்குப் பேரு "தேவைப்படும் அளவு".

இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா உங்க ரெண்டு கேள்விக்கும் பதில் தன்னால வந்துடும். ஆனா இப்படி வரையறையா சொன்னா மண்டையில ஏறாதுன்னு இத்தனை வருஷம் சொல்லிக்குடுத்த அனுபவத்துல எனக்குத் தெரியும், அதனால என் வகுப்புல வருஷா வருஷம் பண்ற ஒரு விஷயத்த சொல்றேன், பேப்பரும் பேனாவும் எடுத்து வச்சுக்கோங்க.

16 பேர கூப்பிட்டு ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு குடுப்பேன். 8 பேரு வாங்குறவங்க, 8 பேரு விக்கிறவங்க. சரக்கு குடைன்னே வச்சுக்கலாம், ஆளுக்கு ஒண்ணுதான் வாங்கலாம், ஒண்ணுதான் விக்கலாம். வாங்குறவங்க சீட்டுல 10, 9, 8, 7, 6, 5, 4, 3ன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், அதுக்கு மேல ஒரு காசு குடுக்கக் கூடாது. விக்கிறவங்க சீட்டுல 2, 3, 4, 5, 6, 7, 8, 9, அதுக்குக் கீழ வித்தா நஷ்டம், அதனால விக்கக் கூடாது. யாரும் சீட்ட அடுத்தவங்களுக்குக் காட்டக் கூடாது. பேரம் பேசுறத மட்டும் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா பேசணும். அவ்வளவுதான் ரூல்ஸ்.

முதல் சுத்துல ஒரே கூச்சலா இருக்கும். 10ன்னு சீட்டு வச்சிருக்குறவன் அவசரப்பட்டு 9 குடுத்து வாங்கிடுவான், இன்னொரு பக்கம் 2ன்னு சீட்டு வச்சிருக்குற பொண்ணு 4க்கே குடுத்துட்டு, அடுத்தவன் 7க்கு வித்தத கேட்டுட்டு தலையில கை வச்சுக்கும். ரெண்டாவது சுத்துல அந்தப் பொண்ணு 4க்கு மசியாது, 10 வச்சிருந்தவனும் 9 குடுக்க மாட்டான். மூணாவது நாலாவது சுத்துல பாத்தீங்கன்னா பேச்சு பூரா 6ஐ சுத்தியே இருக்கும். யாரும் அவங்ககிட்ட 6ன்னு சொல்லல, அந்த நம்பர் எப்படி வரும்னு யாருக்கும் தெரியாது, நான் போர்டுல எதுவும் எழுதியும் வைக்கல. இத்தனை தடவை பாத்தும் அந்த நிமிஷம் எனக்கு இன்னும் சலிக்கல.

இது நான் கண்டுபிடிச்சது இல்ல. ஹார்வர்ட்ல எட்வர்ட் சேம்பர்லின்ங்கிற புரொபசர் வகுப்புலயே ஒரு சந்தைய நடத்திப் பாத்து 1948ல எழுதினார், ஆனா அங்க பசங்க தனித்தனியா மூலையில நின்னு பேரம் பேசினதால விலை சிதறிப்போச்சு. அவர்கிட்ட படிச்ச வெர்னன் ஸ்மித் பின்னால தன் வகுப்புல, கேக்குற விலையும் குடுக்குற விலையும் எல்லாருக்கும் தெரியிற மாதிரி மாத்தி நடத்தினார், விலை அழகா வந்து சேந்துச்சு, அந்த வழியிலயே வேலை பண்ணி 2002ல நோபல் பரிசும் வாங்கினார்.

இப்ப ஏன் 6? எண்ணிப் பாருங்க. விலை 8னா வாங்க ரெடியா இருக்குறது 10, 9, 8 மூணே பேரு, விக்க ரெடியா இருக்குறது 2ல இருந்து 8 வரைக்கும் 7 பேரு. 4 குடை தேங்கி நிக்கும், இது உபரி. குடைய கையில வச்சுக்கிட்டு நிக்கிறவன் விலைய இறக்கித்தான் ஆகணும். விலை 4னா வாங்க 7 பேரு வருவாங்க, விக்கிறவங்க 3 பேருதான், 4 பேருக்குக் கிடைக்காது, இது பற்றாக்குறை. கிடைக்காதவன் கொஞ்சம் கூட்டிக் கேப்பான். 6ல வாங்க 5 பேரு, விக்க 5 பேரு. இறக்கணும்னு யாருக்கும் அவசரம் இல்ல, ஏத்திக் கேக்கணும்னும் யாருக்கும் அவசரம் இல்ல, அதான் சமநிலை. விலைய வெளியில இருந்து யாரோ 4க்கு மேல போகக் கூடாதுன்னு கட்டிப்போட்டா என்ன ஆகும்னு புக்ல தனி பாடம் வரும், அதுக்கும் இந்தச் சீட்டே போதும், 4 பேரு எப்பவும் வெறுங்கையோட நிப்பாங்க, குடை கிடைக்கிற அந்த 3 பேரு யாருங்கிறத விலை தீர்மானிக்காது, வரிசையில யாரு முன்னாடி நின்னாங்க, யாருக்கு யாரத் தெரியும்ங்கிறது தீர்மானிக்கும்.

ஒரு தடவை 3ன்னு சீட்டு வாங்கின பொண்ணு ஆட்டம் முடிஞ்சதும் எங்கிட்ட வந்து, "மேடம், எனக்கும் குடை தேவைதானே, என்னைய ஏன் யாரும் கணக்குலயே எடுக்கல"ன்னு கேட்டுச்சு. வகுப்பே அமைதியாயிடுச்சு. அது கேட்டது நியாயமான கேள்வி. வாங்குறவங்க பட்டியல படமா வரைஞ்சா வர்றதுதான் தேவைக் கோடு, அந்தப் படத்துல இருக்குறது காசோட வர்ற தேவை மட்டும்தான், காசில்லாதவங்க தேவை அந்தக் கோட்டுல கீழ எங்கயோ நிக்கும், இல்ல நிக்கவே நிக்காது. சந்தை சரியா வேலை செஞ்சுதா, எல்லாருக்கும் போய்ச் சேந்துதா, இது ரெண்டும் வேற வேற கேள்வி. ரெண்டாவது கேள்விக்கு இந்தப் படம் பதில் சொல்லாது, சொல்லும்னு யாராவது உங்ககிட்ட சொன்னா நம்பிடாதீங்க.

சரி, உங்க மழைக்கு வருவோம். இப்ப வானம் இருட்டிக்கிட்டு வருது. விக்கிறவங்க சீட்டுல எந்த மாத்தமும் இல்ல, ஆனா வாங்குற ஒவ்வொருத்தருக்கும் குடையோட மதிப்பு 4 கூடிப்போச்சுன்னு வச்சுக்கோங்க. 10 இருந்தது 14, 9 இருந்தது 13, அப்படியே வந்து 3 இருந்தது 7. பழைய விலை 6லயே நின்னா என்ன ஆகும்? வாங்க 8 பேருமே வருவாங்க, விக்க 5 பேருதான், 3 பேருக்கு குடை இல்ல. அவங்க விலைய ஏத்திக் கேப்பாங்க. 8க்கு வந்தா வாங்க 14ல இருந்து 8 வரைக்கும் 7 பேரு, விக்க 2ல இருந்து 8 வரைக்கும் 7 பேரு, அங்க போய் நின்னுடும். முன்ன விலை 6, வித்தது 5 குடை. இப்ப விலை 8, வித்தது 7 குடை. நீங்க பாத்தது இதேதான். விலையும் ஏறுச்சு, விற்பனையும் ஏறுச்சு.

இதுல தேவை விதி எங்க உடைஞ்சுது சொல்லுங்க? எங்கயும் உடையல. மழை இல்லாத நாள்ல 8ன்னு விலை வச்சிருந்தா 3 குடைதான் போயிருக்கும், மழை நாள்ல அதே 8க்கு 7 போகுது, ஏன்னா பட்டியலே மாறிப்போச்சு. மழை நாள் பட்டியல மட்டும் தனியா எடுத்துப் பாருங்க, 8னா 7 பேரு, 10னா 5 பேரு, 12னா 3 பேருன்னு விலை ஏற ஏற ஆளு குறையத்தான் செய்யுது. விதி அந்த ஒரு பட்டியலுக்குள்ள பேசுது. நீங்க வெயில் நாள் பட்டியல்ல ஒரு புள்ளியையும் மழை நாள் பட்டியல்ல ஒரு புள்ளியையும் எடுத்து ரெண்டையும் கோடு போட்டு இணைச்சுட்டு, இந்தக் கோடு ஏன் மேல போகுதுன்னு கேக்குறீங்க. புக்ல அந்த விதிக்கு முன்னாடி "மற்றவை மாறாதிருக்கும்போது"ன்னு ஒரு வார்த்தை இருக்கும், எல்லாரும் அத மந்திரம் மாதிரி சொல்லிட்டு தாண்டிப் போயிடுவோம், ஆனா விதியோட உசிரே அதுலதான் இருக்கு. மழை வந்தப்பவே மத்தது மாறிப்போச்சே.

இப்ப இன்னொரு நாள். மழை இல்ல, வாங்குறவங்க பழைய பட்டியல், 10ல இருந்து 3. ஆனா குடைக் கம்பியும் துணியும் விலை ஏறிப்போச்சு, விக்கிற ஒவ்வொருத்தருக்கும் செலவு 4 கூடுது. 2 இருந்தது 6, 3 இருந்தது 7, கடைசியில 9 இருந்தது 13. இப்ப எங்க போய் நிக்கும்? 8ல. வாங்க 10, 9, 8 மூணு பேரு, விக்க 6, 7, 8 மூணு பேரு. விலை 8, வித்தது 3 குடை.

இந்த ரெண்டு நாளையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சு கொஞ்ச நேரம் பாருங்க. ரெண்டு நாள்லயும் விலை 6ல இருந்து 8க்கு ஏறியிருக்கு. ஒரு நாள் 7 குடை, இன்னொரு நாள் 3 குடை. விலை 8ன்னு மட்டும் ஒருத்தர் உங்ககிட்ட சொன்னா, என்ன நடந்துச்சுன்னு உங்களால சொல்லவே முடியாது. விலை ஏறுச்சு, அதனால விற்பனை என்ன ஆகும்னு யாராவது கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி நீங்க திருப்பிக் கேக்கணும், விலை ஏன் ஏறுச்சு, வாங்குற பக்கம் மாறுச்சா விக்கிற பக்கம் மாறுச்சான்னு. நான் உங்ககிட்ட ஒரே ஒரு பழக்கத்த கேட்டு வாங்கிக்கலாம்னா, இந்தப் பழக்கத்தத்தான் கேப்பேன்.

அந்தப் புரொபசர் கதைக்கு இப்ப வர்றேன். கொலம்பியா யுனிவர்சிட்டில ஹென்றி மூர்னு ஒருத்தர், எகனாமிக்ஸ்ல புள்ளிவிவரத்த கொண்டு வந்த முன்னோடிகள்ல ஒருத்தர். கச்சா இரும்போட விலையையும் வித்த அளவையும் வருஷவாரியா எடுத்து கணக்குப் போட்டார், கோடு மேல் நோக்கிப் போச்சு. விலை ஏற ஏற அதிகமா விக்குதே, இது ஒரு புது வகை தேவைக் கோடுன்னு 1914ல எழுதிட்டார். ஃபிலிப் ரைட்ங்கிறவர் அடுத்த வருஷமே அதுல இருக்குற கோளாற சுட்டிக் காட்டினார். தொழில் எல்லாம் சூடு புடிக்கிற வருஷத்துல இரும்பு கேக்குறவங்க கூடுறாங்க, மந்தமான வருஷத்துல குறையுறாங்க, அதாவது தேவைக் கோடுதான் வலதும் இடதுமா நகந்துக்கிட்டு இருந்துச்சு, அவர் கைக்குக் கிடைச்ச புள்ளிங்க எல்லாம் கிட்டத்தட்ட அளிப்புக் கோட்டுமேல, அதாவது விக்கிறவங்களோட சப்ளைக் கோட்டுமேல வந்து விழுந்த புள்ளிங்க. தேவைக் கோட்ட தேடிப் போய் அளிப்புக் கோட்ட வரைஞ்சுட்டு வந்துட்டார். உங்க குடையும் அவரோட இரும்பும் ஒரே கதை.

சந்தையில நம்ம கண்ணுக்குத் தெரியிறது கோடு இல்ல தம்பி, ரெண்டு கோடு வெட்டிக்கிட்ட புள்ளி மட்டும்தான். இன்னிக்கு ஒரு புள்ளி, நாளைக்கு ஒரு புள்ளி. எந்தக் கோடு நகந்ததால புள்ளி நகந்துச்சுங்கிறத புள்ளிய மட்டும் பாத்து சொல்ல முடியாது. 1927ல எல்மர் வொர்க்கிங் இத தெளிவா எடுத்து எழுதினார். அடுத்த வருஷம் அதே ஃபிலிப் ரைட் ஒரு வழியும் காட்டினார், ஒரு பக்கத்த மட்டும் அசைக்கிற காரணம் ஒண்ண புடிச்சுக்கோ, உதாரணமா விளைச்சல மட்டும் பாதிக்கிற வானிலை, அது அளிப்ப மட்டும் நகத்தும், அப்ப வர்ற புள்ளிங்க தேவைக் கோட்ட வரைஞ்சு காட்டும்னு. பெரிய படிப்பு படிக்கிறப்ப இத திரும்ப பாப்பீங்க, அப்ப இந்தக் குடைய நினைச்சுக்கோங்க.

இப்ப உங்க டெஸ்ட் பேப்பர். விலை ஏறும், அதனால டிமாண்ட் குறையும், அதனால விலை இறங்கும், அதனால டிமாண்ட் ஏறும், இப்படியே போனா இது முடியாத சுத்தாயிடும், ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும். எங்க தப்புன்னா ரெண்டாவது படியில. விலை ஏறினதால டிமாண்ட் குறையல, தேவைப்படும் அளவுதான் குறைஞ்சுது. பட்டியல் அப்படியே இருக்கு, நீங்க அதுல வேற வரிக்குப் போயிருக்கீங்க, அவ்வளவுதான். பட்டியல் மாறாததால விலைய திரும்ப இறக்குறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. புக்குல இத தேவை விரிவு, தேவைச் சுருக்கம்னு ஒரு பேருலயும், கோடே நகர்றத தேவை அதிகரிப்பு, தேவைக் குறைவுன்னு இன்னொரு பேருலயும் தனித்தனியா போட்டிருப்பாங்க. மனப்பாடம் பண்றப்ப நாலும் ஒண்ணு மாதிரி தெரியும், சீட்ட வச்சுப் பாத்தா அப்படித் தெரியாது. ஒரே சீட்ட வச்சுக்கிட்டு விலை மாறினா முதல் ரகம், சீட்டுல இருக்குற நம்பரே மாறினா ரெண்டாவது ரகம். டெஸ்ட்ல நீங்க எழுதியிருக்க வேண்டியது, "கம்பி செலவு கூடினதால அளிப்பு குறைந்தது, விலை ஏறியது, தேவைப்படும் அளவு சுருங்கியது", இதோட முற்றுப்புள்ளி. உங்க சார்கிட்ட போய் கேளுங்க, பயப்படாதீங்க, கேக்க வர்ற பையன எந்த வாத்தியாருக்கும் புடிக்கும்.

நிஜ உலகத்துல இருந்து ரெண்டு பெரிய சம்பவம் சொல்றேன், ரெண்டும் கச்சா எண்ணெய். 1973 அக்டோபர்ல அரபு எண்ணெய் நாடுகள் உற்பத்திய குறைச்சு, சில நாடுகளுக்கு எண்ணெய் அனுப்ப மாட்டோம்னும் சொன்னாங்க. பேரல் சுமார் 3 டாலரா இருந்தது சில மாசத்துலயே 12 டாலர் பக்கம் போயிடுச்சு. அடுத்த வருஷம் உலகம் பூரா எண்ணெய் உபயோகம் குறைஞ்சுது, ஆனா கொஞ்சம்தான் குறைஞ்சுது. விலை நாலு மடங்கு, அளவு லேசா, இதுலயே நெகிழ்ச்சிங்கிற பாடம், அதாவது விலை மாறினா அளவு எவ்வளவு மாறும்ங்கிற பாடம் பூரா இருக்கு. ஏற்கனவே வாங்கி வச்ச வண்டிய, கட்டி வச்ச ஃபேக்டரிய ஒரே மாசத்துல மாத்த முடியாது, அதனால உடனே குறைக்க வழியில்ல. வருஷங்கள் போகப் போக சின்ன வண்டி, வேற எரிபொருள்னு மக்கள் வழி கண்டுபிடிப்பாங்க, அப்ப அதே விலை ஏத்தத்துக்கு அளவு நல்லாவே குறையும்.

இன்னொண்ணு 2020 ஏப்ரல் 20. கொரோனால உலகமே வீட்டுக்குள்ள, விமானம் இல்ல, வண்டி இல்ல. அமெரிக்க கச்சா எண்ணெயோட மே மாச ஒப்பந்தம், அதாவது மே மாசம் சரக்க எடுத்துக்குறேன்னு முன்கூட்டியே போடுற ஒப்பந்தம், அன்னிக்கு மைனஸ் 37.63 டாலர்ல முடிஞ்சுது. வாங்குறவனுக்கு காசும் குடுத்து எண்ணெயையும் குடுக்குற நிலைமை, ஏன்னா ஒப்பந்தம் வச்சிருந்தவங்களுக்கு சரக்க எடுத்து வைக்க டேங்க்ல இடம் கிடைக்கல. விலை இறங்கினா டிமாண்ட் ஏறணும்ல, அப்ப ஏன் எல்லாரும் ஓடி வந்து வாங்கலன்னு உங்க பழைய கணக்குப்படி கேள்வி வரும். விலை இறங்கினதே டிமாண்ட் சரிஞ்சதாலதான், கோடு மொத்தமா இடது பக்கம் போயிடுச்சு, விலையும் அளவும் சேந்தே இறங்குச்சு. உங்க மழைக்கு நேர் எதிர்.

கோட்ட நகத்துற காரணங்கள் புக்லயே பெரிய லிஸ்ட்டா இருக்கும், வருமானம், ரசனை, பதிலுக்கு வாங்குற பொருளோட விலை, கூடச் சேத்து வாங்குற பொருளோட விலை, ஆளுங்க எண்ணிக்கை, அதெல்லாம் படிச்சுக்கோங்க. ஒண்ண மட்டும் இங்க சொல்லணும், எதிர்பார்ப்பு. நாளைக்கு விலை ஏறப்போகுதுன்னு தெரிஞ்சா ஜனங்க இன்னிக்கே வாங்குவாங்க. விலை ஏறிக்கிட்டே இருக்கு, கூட்டமும் கூடிக்கிட்டே இருக்கேன்னு பாத்தா பல சமயம் உள்ள இருக்குறது இதுதான்.

உங்க நண்பர்கள் யாராவது, விலை ஏறி விற்பனையும் ஏறினா அது கிஃபன் பொருள்டான்னு சொல்லியிருந்தா அவசரப்பட்டு ஒத்துக்காதீங்க. கிஃபன்னா வேற எதுவுமே மாறாம, விலை ஏறின ஒரே காரணத்துக்காக அதிகமா வாங்குறது. ரொம்ப ஏழைகள், பட்ஜெட்ல பெரும்பங்கத் தின்னுற ஒரு மட்டமான பொருள், அதுக்கு மலிவான மாத்து இல்லங்கிற நெலமையில மட்டும் வரக்கூடியது. அத நிரூபிக்கவே ஆராய்ச்சியாளர்கள் அவ்வளவு பாடுபட்டாங்க. குடைக்கெல்லாம் அந்தப் பேரு ஒட்டாது.

ஒய் அச்சு விஷயம் நல்ல கேள்வி, இத கேட்டதுக்காகவே உங்களுக்கு ஒரு மார்க் சேத்துப் போடலாம். உங்க மேத்ஸ் சரிதான். 1838ல பிரெஞ்சுக்காரர் கூர்னோ முதன்முதலா தேவைக் கோடு வரைஞ்சப்ப விலைய எக்ஸ் அச்சுலதான் வச்சார், நீங்க சொல்ற மாதிரியே. கேம்பிரிட்ஜ் புரொபசர் ஆல்ஃபிரட் மார்ஷல் அத திருப்பிப் போட்டார், 1890ல வந்த அவரோட புத்தகத்த தலைமுறை தலைமுறையா எல்லாரும் படிச்சாங்க, படமும் அப்படியே நின்னுடுச்சு. அவர் கேள்விய வேற பக்கத்துல இருந்து கேட்டார், இத்தனை குடை சந்தைக்கு வந்திருக்கு, இது பூரா வித்துப் போகணும்னா அதிகபட்சம் என்ன விலை கிடைக்கும்னு. அப்படிக் கேட்டா அளவுதான் நாம மாத்துறது, விலை பதிலா வருது, அப்ப விலை ஒய் அச்சுல வர்றது நியாயம்தான். விலைய தீர்மானிக்கிறது தேவையா அளிப்பாங்கிற சண்டைக்கு, கத்தரிக்கோல்ல மேல் அலகு வெட்டுதா கீழ் அலகு வெட்டுதான்னு கேப்பீங்களான்னு கேட்டதும் அதே மார்ஷல்தான். ரெண்டு மாதிரியும் படிக்கலாம்ங்கிறத மனசுல வச்சுக்கோங்க, பரீட்சையில மட்டும் மார்ஷல் போட்ட மாதிரியே போடுங்க.

ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல நகந்தா என்னன்னு கண்டிப்பா ஒரு கேள்வி வரும். மழையும் வந்துச்சு, கம்பி விலையும் ஏறுச்சுன்னு வைங்க. நம்ம சீட்டுல ரெண்டு பக்கமும் 4 கூட்டிப் பாருங்க, வாங்குறவங்க 14ல இருந்து 7, விக்கிறவங்க 6ல இருந்து 13, விலை 10, வித்தது 5. விலை ஏறுங்கிறது நிச்சயம், ரெண்டு காரணமும் அதே பக்கம்தான் தள்ளுது. அளவு மட்டும் பழையபடி 5லயே நிக்குது, ஏன்னா மழை கூட்டப் பாக்குது, செலவு குறைக்கப் பாக்குது. மழையோட வேகம் அதிகம்னா அளவு கூடும், கம்பியோட வேகம் அதிகம்னா குறையும். எவ்வளவுன்னு கேள்வியில சொல்லலன்னா, அளவு நிச்சயமா சொல்ல முடியாதுன்னு தைரியமா எழுதுங்க, அதுதான் முழு மார்க் பதில்.

கடைசியா கோடு போடுற கை பத்தி. கம்பி விலை ஏறின நாள்ல விக்கிறவங்க நம்பர் எல்லாம் 4 கூடுச்சுல்ல, அத படமா வரைஞ்சா அளிப்புக் கோடு மேல ஏறும். மேல ஏறுதேன்னு பாத்துட்டு "அளிப்பு அதிகரித்தது"ன்னு எழுதிடுவாங்க, வருஷா வருஷம் பேப்பர் திருத்துறப்ப இந்தத் தப்ப கட்டுக்கட்டா பாக்குறேன். அங்க அளிப்பு குறைஞ்சிருக்கு, 6 விலைக்கு முன்ன 5 பேரு வித்தாங்க, இப்ப ஒரே ஒருத்தர்தான் விக்கிறார். அதனால கோடு நகந்தா மேல கீழன்னு சொல்லவே சொல்லாதீங்க, இடது வலதுன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு விலைய எடுத்து ஸ்கேல படுக்க வைங்க, புதுக் கோடு பழைய கோட்டுக்கு வலது பக்கம் இருந்தா கூடியிருக்கு, இடது பக்கம் இருந்தா குறைஞ்சிருக்கு, தேவைக்கும் இதேதான், அளிப்புக்கும் இதேதான். இன்னிக்கு ராத்திரியே மூணு நாளையும், வெயில், மழை, கம்பி விலை ஏத்தம், மூணு படமா ஸ்கேல் வச்சு வரைஞ்சு பாருங்க. ஏதாவது ஒண்ணுல நம்பர் வரலன்னா, உங்க படத்தையும் சேத்து எனக்கு திரும்ப எழுதுங்க.